யானைக்குச் சொந்தமான அனைத்தும்

எங்கள் வீட்டு மாப்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒரே மிருகக்காட்சி சாலையில்தான் வேலை. பெரிய அத்தான் யானைக்காரர். சின்ன அத்தான் என்ன காரர் என்று கேட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் சட்டென்று வாய் வராது. "அவரும் அங்கதான் இருக்காரு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்கள். வெளியே கேட்டால் ஒளிவுமறைவில்லாமல் "எலிக்காரர்" என்பார்கள். அதே இடத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் நான், அவர்கள் இரண்டு பேருக்கும் மச்சினி. எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும், சின்ன அத்தானைப் பற்றிச் சொல்ல வாய் நீளமான ஆள்தான் வேண்டும். அவராகச் சொல்ல மாட்டார்.

யானைக்காரர் என்றால் சும்மாவா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று அவரோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பெரிய மனிதர் யாராவது வந்தால் அவருக்குப் பக்கத்தில் நிற்பது யானை, யானைக்குப் பக்கத்தில் நிற்பது பெரிய அத்தான். எங்கள் வீட்டுக்கு வந்தால் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலி அவருக்கு. சின்ன அத்தானுக்குக் கதவோரத்து ஸ்டூல். காலிங் பெல் அடித்தால் எழுந்துபோய்த் திறப்பதும் அவர்தான், பக்கத்தில் இருக்கிறார் அல்லவா. பெரியக்கா எதைப் பேச ஆரம்பித்தாலும் அதில் யானை வந்து நிற்கும். "எங்க வீட்டுக்காரர் கண்ணசைச்சாப் போதும், அம்மாம் பெரிய மிருகம் பொட்டிப் பாம்பா அடங்கிடும்" என்பாள். யானை எப்படிப் பாம்பாகும் என்று நான் கேட்டிருக்கிறேன். சின்னக்கா ஒன்றும் கேட்க மாட்டாள், பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவாள்.

சின்ன அத்தான் பொறுப்பில் இருந்தது சிறு விலங்குகள் கூடம். முள்ளம்பன்றி, கினிப்பன்றி, வெள்ளெலி எல்லாம் தாண்டிக் கடைசிக் கூண்டில் ஹைராக்ஸ் என்று ஒரு குடும்பம் இருந்தது. பார்த்தால் முயல் அளவு இருக்கும், முயலின் காது கிடையாது. பெருச்சாளி என்று நினைப்பீர்கள், வால் கிடையாது. பழுப்பு முடி, கறுப்புக் கண், முகத்தில் எந்நேரமும் யாரோ தன்னை மரியாதைக் குறைவாகப் பேசிவிட்ட மாதிரி ஒரு கடுப்பு. உடம்புச் சூட்டைத் தானே சரியாகப் பார்த்துக்கொள்ளத் தெரியாத பிராணி அது. அதனால் காலையில் எல்லாம் பாறைமேல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குவியலாகக் கிடந்து வெயில் காயும். சூடு ஏறிய பிறகுதான் சாப்பாடு, நடை எல்லாம். எங்கள் ஆபீசிலும் அப்படிச் சிலர் இருந்தார்கள், அவர்களை யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்க வரவில்லை.

கூண்டின் போர்டில் "ஹைராக்ஸ்" என்று மட்டும் எழுதியிருந்தது. படித்தவர்கள் அதை இருமல் மருந்தின் பெயர் என்று நினைத்தார்கள். படிக்காமல் பார்த்தவர்கள் "அய்யோ, எவ்ளோ பெரிய எலி!" என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். சின்ன அத்தான் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு வந்து "எலி இல்லீங்க" என்பார். அணிலா, கீரியா என்று கேட்டால் அதுவும் இல்லை என்பார். அப்புறம் என்னதான் என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. எலி இல்லீங்க, எலி இல்லீங்க என்று அவர் சொல்லிச் சொல்லியே அவருக்கு எலிக்காரர் என்ற பெயர் நிலைத்துப்போனது.

ஆனால் அவற்றின் மேல் அவருக்கு உயிர். ஆண் ஹைராக்ஸ் பாடும். நிஜமாகவே பாடும், உறுமலும் கீச்சலும் குறட்டையுமாகக் கலந்து, ஏற்றி இறக்கி, விட்ட இடத்தில் பிடித்து. அதற்குப் பாட்டுக்காரர் என்றே பெயர் வைத்திருந்தார். குட்டி போட்டால் எங்கள் வீட்டுக்கு வந்து சொல்வார், பெரியக்கா "அதுக்கென்ன, பல்கிப் பெருகுற வகைதானே" என்று அவர் வாயை அடைத்துவிடுவாள். ஒரு நாள் எனக்கு ஒரு குட்டியின் உள்ளங்காலைத் தொட்டுக் காட்டினார். ரப்பர் மாதிரி ஈரமாக இருந்தது. "வேர்க்குதும்மா. அதனாலதான் செங்குத்துப் பாறையில ஏறினாலும் வழுக்குறதில்ல" என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது, அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் புது டைரக்டர் வந்தார். வந்தவுடன் சிறு விலங்குகள் கூடத்தை இடித்துவிட்டு அங்கே குழந்தைகள் ரயில் விடப்போவதாகச் சொன்னார். கூடத்தில் இருப்பதையெல்லாம் வேறு ஊர்க் காட்சி சாலைக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு. வேறு பிரிவில் சேர்க்கக்கூடிய மிருகம் ஏதாவது இருந்தால் அது மட்டும் இங்கேயே தங்கலாம். சின்ன அத்தானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஹைராக்ஸ் போய்விட்டால் அவருக்கு அந்த இடத்தில் என்ன இருக்கிறது? எங்கள் வீட்டு ஸ்டூல் மட்டும்தான்.

டாக்டர் என்று ஒருவர் இருந்தார், மிருக வைத்தியர், அதிகம் பேசாதவர். கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்த டைரக்டரிடம் அவர்தான் போகிற போக்கில் சொன்னார்: "சார், மத்ததெல்லாம் கொறிக்கிற வகை. இது அதுல சேராது. இது யானைக்குச் சொந்தம்."

டைரக்டர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. மேல்வாய் முன்பல் தந்தம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கிறது, விரல் நகம் நகமாக இல்லாமல் சின்னக் குளம்பு மாதிரி இருக்கிறது, இந்த அளவு பிராணிக்கு ஏழெட்டு மாதம் வயிற்றில் குட்டி எதற்கு என்று அடுக்கினார். இன்னொரு ஒற்றுமையும் சொன்னார், அது ஆண்கள் சமாசாரம், நான் எழுத மாட்டேன். "யானை, கடற்பசு, இது, மூணும் ஒரே மூதாதையோட வாரிசுங்க சார். மத்த கிளையெல்லாம் அழிஞ்சு போச்சு, மிஞ்சினது இந்த மூணு வீடுதான். எலிக்கு இதைவிட நாமதான் கிட்டத்துச் சொந்தம்" என்று முடித்தார். ஒதுங்கி நின்று கேட்ட எனக்கு, டைரக்டரைப் பார்த்தபோது அது நம்பும்படியாகவே இருந்தது.

"அப்ப யானைகிட்டயே கொண்டு போய் விடுங்க" என்று டைரக்டர் விளையாட்டாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். அவர் விளையாட்டாகச் சொன்னதை சின்ன அத்தான் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். தினமும் வேலை முடிந்ததும் டைரக்டர் அறை வாசலில் போய் நிற்பார். எதுவும் கேட்க மாட்டார், சும்மா நிற்பார். அவர் நிற்கிற எரிச்சல் தாங்காமலே டைரக்டர் உத்தரவு போட்டார். யானை முற்றத்தின் ஒரு மூலையில் யானை முதுகு தேய்க்க ஒரு பாறைக் குவியல் இருந்தது. அதைச் சுற்றிக் குட்டைச் சுவரும் வலையும் போட்டு ஹைராக்ஸ் குடும்பத்தை அங்கே குடிவைத்தார்கள்.

பெரிய அத்தான் முகத்தில் ஈ ஆடவில்லை. யானை முதுகு தேய்க்கிற இடத்தையே கேட்டு வாங்கிவிட்டானே என்று அவருக்குப் பொருமல். அதோடு விட்டிருந்தாலும் ஆறியிருக்கும். சின்ன அத்தானுக்குப் போர்டு ஆசை வந்தது. போர்டு எழுதுகிறவரிடம் யானைக்குச் சொந்தக்காரர் என்று எழுதச் சொன்னாராம். அந்த மனிதர் தன் ரசனைப்படி கொஞ்சம் இலக்கணமாக்கி, பெரிய சிவப்பு எழுத்தில் "யானையின் சொந்தக்காரர்" என்று எழுதி, கீழே கண்ணுக்குத் தெரியாத அளவில் "ஹைராக்ஸ்" என்று போட்டுக் கொடுத்துவிட்டார்.

வெயில் நேரத்தில் ஹைராக்ஸ் எல்லாம் பாறை இடுக்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்போது வருகிறவர்களுக்குத் தெரிவதெல்லாம் போர்டு, போர்டுக்குக் கீழே வாளியோடு சின்ன அத்தான், பின்னால் யானை. ஒரு பெரியவர் கைகூப்பி "ஐயா, யானை உங்களோடதுங்களா?" என்று கேட்டார். சாப்பாட்டுக்காகக் கவுண்டரை மூடிவிட்டு வந்துகொண்டிருந்த நான் காதால் கேட்டேன். சின்ன அத்தான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "சொந்தம்தாங்க" என்றார்.

இருபதடி தள்ளி யானைக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தவர் பெரிய அத்தான். தழையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

"ஏம்ப்பா, இத்தனை வருஷமா சாணி அள்ளினவன் நான். சொந்தக்காரன் நீயா?"

"நான் இல்லீங்க, இதுங்க."

"இதுங்கன்னா? இந்த எலிங்களா என் யானைக்கு ஓனரு?"

"ஓனர் இல்லீங்க, உறவு. டாக்டர் சொன்னாரு."

"உறவு! இது யானை மேல ஏறி நின்னா கொசு உக்காந்த மாதிரி இருக்கும், உறவாம்! பெரிய இடமாப் பாத்து ஒட்டிக்கிறதுக்குப் பேரு உறவா?"

கடைசி வார்த்தை ஹைராக்ஸுக்குச் சொன்னது இல்லை என்று எனக்கே புரிந்தது, சின்ன அத்தானுக்குப் புரியாமல் இருக்குமா? அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தபோது பெரியக்கா ஆரம்பித்தாள்.

"போர்டு வச்சுட்டா அந்தஸ்து வந்துடுமாடி?"

"யானை ஒண்ணும் ஆட்சேபிக்கலியேக்கா. உங்களுக்குத்தான் பத்திக்கிட்டு வருது" என்றாள் சின்னக்கா. வாழ்நாளில் முதல் தடவையாகப் பாத்திரத்தை விட்டுவிட்டு வாயால் பதில் சொன்னாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? இரண்டு மாதம் அக்கா தங்கை பேச்சுவார்த்தை இல்லை. பெரிய அத்தான் டைரக்டரிடம் போய் முறையிட, போர்டில் இருந்த கொஞ்சூண்டு இடைவெளியில் "தூரத்து" என்ற சொல்லை நெருக்கி எழுதி நுழைத்தார்கள். "யானையின் தூரத்துச் சொந்தக்காரர்" ஆயிற்று. சின்ன அத்தான் அதை நாளுக்கு நான்கு தடவை துடைப்பார். அந்த ஒரு சொல்லை மட்டும் கொஞ்சம் அழுத்தித் துடைப்பார், பெயிண்ட் நல்ல பெயிண்ட், போகவில்லை.

யானையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வயசான பெண் யானை. கூட இருந்த யானை செத்துப் பல வருஷம் ஆயிற்று. அன்றிலிருந்து அது நின்ற இடத்தில் நின்று நாள் முழுக்க இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் "யானை டான்ஸ் ஆடுது" என்று கைதட்டுவார்கள். அது டான்ஸ் இல்லை, தனிமை முற்றிப்போனால் வருகிற ஆட்டம் என்று டாக்டர் ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

ஹைராக்ஸ் வந்த பிறகு அந்த ஆட்டம் குறைந்தது. காலையில் பாட்டுக்காரர் பாறை உச்சியில் ஏறிக் கச்சேரியை ஆரம்பித்தால் யானை மெதுவாக நடந்து சுவரோரம் வந்து நிற்கும். தும்பிக்கையை வலைமேல் வைத்துக்கொண்டு கேட்கும். பாதி தின்ற கிளையை வலைக்கு மேலே தூக்கி உள்ளே போடும், குட்டிகள் அதில் ஏறித் தழையைக் கடிக்கும். எல்லாரும் பார்த்தோம். பெரிய அத்தானும் பார்த்தார். கேட்டால், "தீனியை மாத்தினேன், அதான் தெளிஞ்சிருக்கா" என்பார்.

பிறகு மேலிடத்து உத்தரவு வந்தது. ஒற்றை யானையை ஊருக்குள் அடைத்து வைக்கக் கூடாதாம், கூட்டமாக யானைகள் இருக்கிற சரணாலயத்துக்கு அனுப்ப வேண்டுமாம். நியாயமான உத்தரவுதான். அதில் ஒரு வரி இருந்தது: "யானையும் யானைக்குச் சொந்தமான அனைத்தும்." சங்கிலி, தொட்டி, மருந்துப் பெட்டி என்ற அர்த்தத்தில் யாரோ ஒரு குமாஸ்தா எழுதியிருப்பார். எங்கள் டைரக்டர் அதை இரண்டு தடவை படித்தார். அவருக்கு யானை முற்றம் முழுசாகக் காலியாக வேண்டும், அங்கே படகு விடுகிற யோசனை வந்திருந்தது. "போர்டுலயே எழுதியிருக்கே, சொந்தம்னு" என்றார்.

கூடப்போக ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. அது யானைக்காரர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இரண்டு நாள் லாரிப் பயணம், போனால் போனதுதான்.

ஆனால் டைரக்டர் மோசமானவர் என்று சொல்ல மாட்டேன், சின்ன அத்தானுக்கு ஒரு வழி விட்டார். கூடத்தை இடித்தபோது கொறிக்கும் பிராணிகளை எந்த ஊரும் வாங்கிக்கொள்ளாமல், வேறு வழியின்றி முன்வாசலில் என் கவுண்டருக்குப் பக்கத்திலேயே ஒரு கண்ணாடி அறை கட்டிக் கொடுத்திருந்தார்கள். வெள்ளெலிக்கெல்லாம் யோகம், ஊரிலேயே நல்ல இடம் அதுதான். "கொறிக்கிற வகைதான், யானைக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்லன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. கண்ணாடி ரூம்ல போட்டுடலாம், உங்களையே பாத்துக்கச் சொல்றேன். சொந்தம்னா வண்டியில ஏத்தணும். நாளைக்கு வந்து சொல்லுங்க" என்றார். டாக்டரும் கண்டுகொள்ளாமல் இருப்பதாகத் தலையாட்டிவிட்டார்.

சின்னக்கா அவரைப் பிடித்து உலுக்கினாள். "எலின்னு சொல்லிட்டு வாங்க. சொன்னா வாய் வெந்தா போயிடும்? அதுங்க உங்களோட இருக்கும்." நானும் அதையேதான் சொன்னேன். மறுநாள் காலை என் கவுண்டரைத் தாண்டிப் போகும்போது அவர் உதடு அசைந்தது. எலி வகைதாங்க, எலி வகைதாங்க என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். மனசு கேட்காமல், டிக்கெட் கட்டு வாங்குகிற சாக்கில் நானும் பின்னாலேயே போனேன்.

அறையில் டைரக்டர், டாக்டர், பயண ஏற்பாடு பேச வந்த பெரிய அத்தான். சின்ன அத்தான் போய் நின்றார். வாயைத் திறப்பதற்குள் பெரிய அத்தான் தொண்டையைச் செருமினார்.

"சார், அதுங்களையும் கூடவே அனுப்பிடுங்க சார்."

"எதுங்களை?"

"அதான் சார், அந்த... ஹைராக்ஸ்." அந்தப் பெயர் அவர் வாயில் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "டாக்டர் சொன்னப்ப நான்தான் கேலி பண்ணேன். தீனி மாத்தினதெல்லாம் இல்ல சார், தீனி அதே தீனிதான். அதுங்க எந்திரிச்சாச்சான்னு பாத்துட்டுத்தான் அவ தண்ணிக்கே வரா. போற இடத்துல எல்லாம் புது யானைங்க. பழகின முகம்னு ரெண்டு வேணாமா அவளுக்கு?"

"நீங்கதான் கூடப் போறீங்களே?"

"நான் மனுஷன் சார்." அவ்வளவு பெரிய உருவம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார். "அதுங்க அவளுக்குச் சொந்தம் சார். தூரத்துச் சொந்தம் இல்ல, சொந்தம்."

டைரக்டர் சின்ன அத்தான் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் முடிவு."

நான் சின்ன அத்தான் முதுகுக்குப் பின்னால் நின்று எலி எலி என்று மனசுக்குள் கத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. டைரக்டரையும் பார்க்கவில்லை. பெரிய அத்தானைப் பார்த்தார். பிறகு, "சொந்தம்தாங்க" என்றார்.

லாரி கிளம்புகிற அன்று வைக்கோல் போட்ட பெட்டியில் ஒவ்வொன்றாக அவரே பிடித்து வைத்தார். பாட்டுக்காரர் அவர் கட்டைவிரலைக் கடித்துவிட்டது, ரத்தம் வந்தது, துடைக்கக்கூட இல்லை. "காலையில வெயில் படற பக்கமா வைங்க. குளிர்ந்தா மேல சாக்கு போடுங்க. ஒரே மூலையிலதான் வெளிக்கிப் போகும், அந்த மூலையை மாத்திடாதீங்க" என்று பெரிய அத்தானிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். பெரிய அத்தான் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்றார். சகலைக்கு அவர் "சரிங்க" போட்டது எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்டறியாதது. பெட்டியைப் பின்னால் வைக்க விடாமல் லாரியில் ஏறித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். வண்டி கண்ணுக்கு மறைகிறவரை சின்ன அத்தான் நின்றார். எனக்கு அழுகையாக வர வேண்டியது கோபமாக வந்தது, பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த யாரோ ஒருவரைத் திட்டினேன்.

சின்ன அத்தானை முன்வாசல் கண்ணாடி அறையில் போட்டார்கள், வெள்ளெலிக்கும் கினிப்பன்றிக்கும். எலிக்காரர் என்று கூப்பிட்டால் இப்போது மறுத்துச் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் உண்மை. மூன்றாவது மாதம் பெரிய அத்தானிடமிருந்து போன் வந்தது, கவுண்டரில் நான்தான் எடுத்தேன். யானை மற்ற யானைகளோடு சேர்ந்துவிட்டதாம். ஆட்டம் அடியோடு நின்றுவிட்டதாம். நாள் முழுக்கக் கூட்டத்தோடு ஆற்றங்கரையில்தானாம். ஹைராக்ஸ் எல்லாம் சுகம், வெயில் காய்கிறது, பாட்டுக்காரர் பாடுகிறது.

"யானை வந்து கேக்குதா?" என்றேன்.

"அவ எங்கம்மா, அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்குறதில்ல" என்றார். "அவன்கிட்ட அதைச் சொல்லாத."

நான் சொல்லிவிட்டேன். என்னால் எதைத்தான் அடக்க முடிந்திருக்கிறது? சின்ன அத்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார், துடைப்பதை நிறுத்தவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அன்னிக்கு ஒரு வார்த்தை எலின்னு சொல்லியிருந்தா என்னத்தான்? இன்னிக்கு இதே கண்ணாடிக்குள்ள இருந்திருக்குமே!"

"சொல்லத்தாம்மா போனேன். பெரியவரு முந்திக்கிட்டாரு. நாலு பேரு முன்னாடி, வாயைத் திறந்து, தூரத்துச் சொந்தம் இல்ல, சொந்தம்னாரு. அத்தனை வருஷத்துல அவரு வாயால அப்பதான் கேட்டேன். நான் எப்படிம்மா இல்லேங்கிறது?"

"அத்தான், அவரு ஹைராக்ஸைப் பத்திச் சொன்னாரு."

"தெரியும்மா" என்றார்.